மனு தள்ளுபடி என்றால் கடன் தள்ளுபடி இல்லையா? கோர்ட் காகிதத்தில் நமக்குத் தெரிந்த சொற்கள்

காரிமங்கலத்தான்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அவசரமும் இருக்கிறது.

என் அப்பா ஏழாவது வரை படித்தவர். தினமும் பேப்பர் வாசிப்பார். மூன்று வருஷத்துக்கு முன் பங்காளி ஒருவர் பைனான்ஸில் கடன் வாங்கியபோது அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வாங்கியவர் கட்டவில்லை. இரண்டு பேர் மேலும் வழக்கு வந்தது. அப்பாவுக்குச் சம்மன் வந்தபோது, "கடன் வாங்கினவன் போவான், எனக்கு என்ன" என்று இருந்துவிட்டார். அவர் போகாததால் எக்ஸ்பார்ட்டி ஆகி, கடனைக் கட்டச் சொல்லும் டிக்ரி (கோர்ட் உத்தரவு) ஆனது. காகிதத்தில் "ஒருதலைப்பட்சத் தீர்ப்பு" என்று பார்த்ததும், ஜட்ஜே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார், இனி அங்கே போய் என்ன பயன் என்று புலம்பினார். எப்படியோ சமாதானம் செய்து, அந்தத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி வக்கீல் மூலம் மனு போட வைத்தோம்.

போன மாதம் வக்கீல் ஆபீசில் இருந்து போன். "மனு தள்ளுபடி ஆயிடுச்சு." 2021-ல் கூட்டுறவு சங்கத்தில் எங்கள் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனது. அப்பாவுக்கு அந்த நினைப்பு. கடன் தள்ளுபடி என்று அம்மாவிடம் சொல்லி, கோயிலில் தேங்காய் உடைத்து, பெங்களூரில் இருக்கும் எனக்கும் போன் செய்து சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் பி.காம் படித்தவன்.

நேற்று ஜப்தி நோட்டீஸ் வந்திருக்கிறது. மனு தள்ளுபடி ஆகி இன்றோடு 19 நாள். மாட்டையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், தன்னை ஜெயிலில் போடுவார்கள் என்று அப்பா சாப்பிடாமல் இருக்கிறார். என்ன செய்யலாம்?

பென்னாகரம் குமாஸ்தா

தம்பி, முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். 27 வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் வக்கீலிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

தள்ளுபடி என்றால் நீங்கள் கேட்டதைக் கோர்ட் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். கடனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் தள்ளுபடியில் இரண்டு விதம் உண்டு. இரண்டு பக்கமும் கேட்டு, இந்த மனுவில் நியாயம் இல்லை என்று தள்ளுவது ஒன்று. வாய்தா அன்று கூப்பிட்டபோது ஆள் இல்லை, வக்கீலும் இல்லை என்று தள்ளுவது இன்னொன்று. முதல் விதத்துக்கு மேல் கோர்ட்தான் வழி. இரண்டாவதற்கு அதே கோர்ட்டில், மனுவைத் திரும்பக் கோப்பில் எடுங்கள் என்று கேட்கலாம். ரெஸ்டோர் மனு என்போம்.

எந்த வழி என்றாலும் 30 நாளுக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. தாண்டினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு போட வேண்டும், ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும். உங்களுக்கு 19 நாள்தான் ஆகியிருக்கிறது. இன்றே போன் போட்டு, "எதனால் தள்ளுபடி? உத்தரவில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். அப்படியே உத்தரவுக்கு நகல் மனுவும் போடச் சொல்லுங்கள்.

ஒருதலைப்பட்சம் பற்றி. நூறு பேராவது என்னிடம் இதே கோபத்தோடு வந்திருக்கிறார்கள். வீட்டில், ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருதலைப்பட்சம் என்றால் சாய்ந்து பேசுவது. கோர்ட்டில் அதற்கு அர்த்தம், ஒரு தரப்பு மட்டும் வந்தது, மறு தரப்பு வரவில்லை, வந்தவர் சொன்னதைக் கேட்டுத் தீர்ப்பு ஆனது என்பது. ஜட்ஜைக் குறை சொல்லும் சொல்லே இல்லை. அதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்கச் சட்டமே இடம் தருகிறது. கெடு, தீர்ப்பு தேதியில் இருந்து 30 நாள். சம்மன் முறைப்படி சார்வாகவில்லை, அதாவது நம்மிடம் வந்து சேரவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளில் இருந்து 30 நாள். "இனிப் போய் என்ன பயன்" என்று கோபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த 30 நாள் கோபத்திலேயே போய்விடுகிறது.

போச்சம்பள்ளி மாந்தோப்பு

ஜப்தி பற்றி நான் சொல்கிறேன், எங்கள் மாமனார் வீட்டில் வந்து போன அனுபவம். சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவை வக்கீலிடம் கேளுங்கள். விவசாயம் செய்து பிழைப்பவருடைய ஏர் சாமான், தொழிலுக்குத் தேவையான மாடு, விதை தானியம், அவர் குடியிருக்கும் வீடு, இவற்றை ஜப்தி செய்ய முடியாது. வீட்டை அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் கதை வேறு. இங்கே வெறும் ஜாமீன் கையெழுத்துதானே? ஆனால் நிலத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அதை நினைவில் வையுங்கள். அப்புறம், இந்த விலக்கு தானாக வந்து நிற்காது. நோட்டீசில் போட்ட தேதிக்கு ஆஜராகி நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடன் டிக்ரிக்காக உடனே ஜெயில் கிடையாது. பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டாமல் ஏய்க்கிறார் என்று கோர்ட் விசாரித்து முடிவு செய்தால்தான் சிவில் சிறை என்ற பேச்சே. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

காரிமங்கலத்தான்

இருவருக்கும் நன்றி. இதைப் படித்துக் காட்டியபிறகு அப்பா அரை வயிறு சாப்பிட்டதாக அம்மா சொன்னார். நாளைக் காலை வக்கீல் ஆபீஸ் போகிறார். நான் ராத்திரி பஸ் ஏறுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கடன் வாங்கியவரை விட்டுவிட்டு அப்பா மேல் ஜப்தி எப்படி வரும்? அவர் ஜாமீன் மட்டும்தானே?

பென்னாகரம் குமாஸ்தா

இந்த "மட்டும்தானே"தான் தம்பி பிரச்சினை. கிரிமினல் வழக்கில் ஜாமீன் என்றால் ஒருவர் வெளியே வருவது, அவர் வாய்தாவுக்கு ஒழுங்காக வருவார் என்று இன்னொருவர் பொறுப்பேற்பது. சினிமாவில் பார்த்து நமக்குப் பழகியது அதுதான். கடன் பத்திரத்தில் ஜாமீன்தாரர் என்றால், வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் இவருக்கும் உண்டு. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு அது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, வாங்கியவரை முதலில் கேட்டுவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. யாரிடம் சொத்து கண்ணுக்குத் தெரிகிறதோ அவரிடம் வருவார்கள். உங்கள் அப்பா கட்ட நேர்ந்தால், கட்டியதைப் பங்காளியிடம் இருந்து வசூலிக்க உரிமை உண்டு. அதற்கு ரசீது ஒன்று விடாமல் வைத்திருக்க வேண்டும்.

அரூர் மேற்கு

தள்ளுபடி என்றதும் எனக்கு 2023 செப்டம்பர் 29 ஞாபகம் வருகிறது. வாச்சாத்தி வழக்கில் ஹைகோர்ட் தீர்ப்பு வந்த நாள். டீக்கடையில் செய்தியில் "மேல்முறையீடு தள்ளுபடி" என்று ஓடியது. பக்கத்தில் இருந்த பெரியவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ்வளவுதானா? அந்தப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு இத்தனை வருஷம் கழிச்சும் இல்லைன்னுட்டாங்களா?" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

1992 ஜூன் 20 அன்று எங்கள் அரூர் பக்கத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் பழங்குடி மக்களை அடித்து, பெண்களைச் சீரழித்த கொடுமை. 269 பேர் மேல் வழக்கு. நடக்கும்போதே 54 பேர் இறந்துபோனார்கள். 2011 செப்டம்பர் 29-ல் நம் தருமபுரி கோர்ட் அத்தனை பேரும் குற்றவாளிகள் என்று சொல்லி, உயிரோடு இருந்த 215 பேருக்குத் தண்டனை கொடுத்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு போட்டவர்கள் தண்டனை பெற்றவர்கள். அது தள்ளுபடி என்றால் தண்டனை நிற்கிறது, ஜெயித்தது வாச்சாத்தி மக்கள். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றும் அன்றைக்கே உத்தரவானது. பெரியவருக்கு இதைச் சொல்லிப் புரியவைத்ததும் இன்னொரு டீ வாங்கி எனக்குக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தள்ளுபடி என்று எங்கே பார்த்தாலும், யார் போட்ட மனு என்று முதலில் பார்ப்பேன்.

ஓசூர் நைட் ஷிப்ட்

நல்ல நேரத்தில் இந்த இழை கண்ணில் பட்டது. ஓசூர் பக்கம் ஒரு வீட்டுமனை பார்த்திருக்கிறோம். வில்லங்கச் சான்று எடுத்தேன், "வில்லங்கம் ஏதும் இல்லை" என்று வந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அட்வான்ஸ் கொடுக்கலாம் அல்லவா?

பத்திர எழுத்தர் மகள்

கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நம் பேச்சில் வில்லங்கம் என்றால் எல்லாத் தொல்லையும் அடக்கம். "அவன் வில்லங்கம் பிடிச்சவன்" என்கிறோம். பதிவு அலுவலகம் அந்தச் சான்றில் சொல்வது ரொம்பச் சின்ன விஷயம்: நீங்கள் கேட்ட சர்வே எண்ணில், கேட்ட தேதிகளுக்கு நடுவில், தங்கள் கணக்கில் பதிவான ஆவணம் எதுவும் இல்லை என்பது. பதியாத உயில் அதில் வராது. வாய்ப்பேச்சில் நடந்த பாகப்பிரிவினை வராது. கோர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கு பெரும்பாலும் வராது. சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்து நீங்கள் ஒரு எண்ணை மட்டும் போட்டுத் தேடியிருந்தால், இருக்கும் வில்லங்கமும் கண்ணில் படாது.

எத்தனை வருஷத்துக்குத் தேடினீர்கள்? தாய்ப்பத்திரம், அதாவது இதற்கு முந்தைய மூலப் பத்திரம் பார்த்தீர்களா? நம் பக்கத்து நிலங்களுக்கு இன்னொரு விஷயம். தருமபுரி மாவட்டம் சேலத்தில் இருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி தருமபுரியில் இருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9. ஒரே நிலத்துக்குத் தாத்தா பத்திரத்தில் "சேலம் ஜில்லா", அப்பா பத்திரத்தில் "தருமபுரி மாவட்டம்", இப்போது "கிருஷ்ணகிரி மாவட்டம்" என்று இருக்கும். மிரள வேண்டாம், அது மோசடி இல்லை. ஆனால் அந்த நிலம் எந்தக் காலத்தில் எந்தச் சார்பதிவகத்தின் எல்லையில் இருந்தது என்று கேட்டு, அங்கெல்லாம் தேட வேண்டும்.

பட்டா பெயரில் இருக்கிறது என்று சொன்னால் அதையும் முழுதாக நம்பாதீர்கள். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. உரிமையைக் காட்டுவது பத்திரமும் அதன் தொடர்ச்சியும். பவர் (சொந்தக்காரருக்குப் பதிலாக விற்க எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) வாங்கியவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் இப்போது உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அன்றோடு முடிந்தது.

சின்ன வயதில் அப்பா பத்திரம் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பழகியவள் நான். "மாமூல் வழிநடை பாத்தியம்" என்று வரும். மாமூல் என்றால் போலீஸ்காரருக்குக் கொடுப்பது என்று நினைத்து, அதைப் போய்ப் பத்திரத்தில் எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். வழக்கமாக நடந்துவரும் பாதை, அதில் நடக்கும் உரிமை, அவ்வளவுதான். அந்த ஒரு வரி இல்லாமல் நிலம் வாங்கி, தன் காட்டுக்குப் போக வழி இல்லாமல் பத்து வருஷம் வழக்கு நடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். சக்குபந்தி, அதாவது நான்கு எல்லை. அதில் யார் யார் நிலம் என்று எழுதியிருக்கிறதோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு இடத்தில் போய் நின்று பாருங்கள். பக்கத்துக் காட்டுக்காரரிடம் பத்து நிமிஷம் பேசினால், சான்றில் வராதது எல்லாம் வந்துவிடும்.

தேன்கனிக்கோட்டை வாசகன்

கோர்ட் இன்னும் நல்ல தமிழில், எல்லோருக்கும் புரிகிற தமிழில் எழுதினால் இந்தக் குழப்பம் எதுவும் இருக்காது என்பது என் கருத்து. தாவா, தபசில், ஷரத்து, அமீனா என்று உருதும் பாரசீகமும் இன்னும் ஏன்? 1956-லேயே ஆட்சிமொழிச் சட்டம் வந்தாயிற்று. 1976 திருத்தத்தில் கீழ்க் கோர்ட்டுகளுக்கும் தமிழ் வந்தாயிற்று.

பென்னாகரம் குமாஸ்தா

தமிழில் வர வேண்டும், மறுக்கவில்லை. தீர்ப்பைத் தன் மொழியில் படிக்க முடிவது பெரிய விஷயம். ஆனால் 27 வருஷத்தில் நான் பார்த்தது வேறு. தபசில் என்றால் யாருக்கும் தெரியாது. தெரியாததால், "அண்ணா, இது என்ன?" என்று கேட்டுவிடுவார்கள். சொத்து விவரம் என்று சொல்வேன், முடிந்தது. அமீனா, அதாவது ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர், என்று கேட்டாலே ஓடி வந்து விசாரிப்பார்கள். கெட்டுப்போவது தெரிந்த சொல்லில்தான். தள்ளுபடி, ஒருதலைப்பட்சம், எதிரி, விடுதலை. தமக்குத் தெரியும் என்று நினைப்பதால் கேட்கவே மாட்டார்கள்.

எதிரி என்ற சொல்லுக்கு ஒன்று சொல்கிறேன். கிரிமினல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைத் தமிழ்க் குற்றப்பத்திரிகையில் "எதிரி" என்றுதான் எழுதுவார்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி. வரப்புத் தகராறு வழக்கில் ஒரு அம்மா, காகிதத்தில் தன் பெயருக்கு முன்னால் எதிரி என்று பார்த்துவிட்டு அழுதார். "நான் யாருக்குங்க எதிரி? அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நான்தானே மாவு இடிச்சுக் கொடுத்தேன்" என்றார். குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை, இது வெறும் வரிசை எண் மாதிரி என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. அதன்பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

ஊத்தங்கரை டீச்சர்

குமாஸ்தா அண்ணா விடுதலை என்று எழுதியதால் நானும் எழுதுகிறேன். இதுவரை வெளியில் சொன்னதில்லை.

அப்பா இறந்து ஒரு வருஷம் இருக்கும். 2008. அண்ணன்கள் இரண்டு பேரும் என்னையும் அக்காவையும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தது, அதைக் கட்டி முடித்திருந்தோம். "விடுதலைப் பத்திரம், ஒரு கையெழுத்துப் போடு" என்றார்கள். நிலம் கடனில் இருந்து விடுதலை ஆகிறது என்றே நான் நினைத்தேன். சந்தோஷமாகப் போட்டேன். வரும் வழியில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டோம்.

என் பங்கை நான் அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்த பத்திரம் அது. விடுதலை ஆனது நிலம் இல்லை. நிலத்தில் இருந்து நான்தான் விடுதலை ஆகியிருக்கிறேன். ஆறு வருஷம் கழித்து, என் பையன் படிப்புக்குக் கடன் கேட்டுப் போனபோதுதான் தெரிந்தது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களுக்கு 1989-லேயே, அந்த மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன் போலவே பங்கு உண்டு என்று சட்டம் வந்திருந்தது. 2005-ல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. கல்யாணம் ஆனதும் ஆகாததும் அதில் கணக்கில்லை. இதெல்லாம் தெரியாமல் நான் பத்தாவது வகுப்புக்குக் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஏமாற்றி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம், ஏமாற்றியது தெரியவந்த நாளில் இருந்து மூன்று வருஷம் என்று வக்கீல் சொன்னார். நான் போடவில்லை. அம்மா உயிரோடு இருந்தார். போட்டிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் சில ராத்திரிகளில் தோன்றும்.

பத்திர எழுத்தர் மகள்

டீச்சர், படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் அப்பா ஒரு பழக்கம் வைத்திருந்தார். விடுதலைப் பத்திரம் எழுதவந்த பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இதில் கையெழுத்துப் போட்டால் அந்த நிலத்தில் உனக்கு ஒரு பிடி மண் கிடையாது, தெரியும்தானே?" என்று கேட்பார். சிலர் தெரியும் என்று போடுவார்கள், அது அவர்கள் விருப்பம். இரண்டு பேர் எழுந்து போனதை நானே பார்த்தேன். அதனால் அப்பாவுக்குச் சில வீட்டு வேலை கை விட்டுப்போனது.

தானசெட்டில்மெண்ட் எழுதும் பெரியவர்களும் இங்கே இருந்தால் ஒரு வார்த்தை. பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, சோறு போடவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், செட்டில்மெண்ட் அப்படி இல்லை. "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற ஷரத்தைப் பத்திரத்திலேயே எழுத வையுங்கள். அது இருந்து பிள்ளை பார்க்காமல் விட்டால், 2007-ம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டம் 23-வது பிரிவின்படி ரத்து செய்யக் கேட்கலாம்.

தேன்கனிக்கோட்டை வாசகன்

குமாஸ்தா அண்ணா, உங்கள் பக்கம் சாய்கிறேன். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். தமிழ்க் காகிதம் வந்தால் பாட்டி ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டே தீருவார், தமிழ் தனக்கு அரைகுறை என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் தப்பான காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போதுதான் காரணம் விளங்குகிறது.

ஓசூர் நைட் ஷிப்ட்

அட்வான்ஸை நிறுத்திவிட்டேன். மூன்று சார்பதிவக எல்லையும் சேர்த்துத் தேட மனு போட்டிருக்கிறேன். நன்றி அக்கா.

காரிமங்கலத்தான்

தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டு வாரமாக அலைச்சல்.

உத்தரவு நகல் கிடைத்தது. "மனுதாரர் அழைக்கப்பட்டார், ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி." குமாஸ்தா அண்ணா சொன்ன இரண்டாவது விதம். ரெஸ்டோர் மனுவை 24-வது நாள் போட்டோம். ஜப்தி நோட்டீசுக்கும் ஆஜராகிவிட்டோம். மாடு, வீடு விஷயத்தை வக்கீல் எழுதிக் கொடுத்திருக்கிறார். செலவு பற்றிக் கவலையாக இருந்தது, கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டோம். பெண்களுக்கும் பட்டியல் வகுப்பு, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டாம், மற்றவர்களுக்குக் குறைந்த வருமானம் என்றால் உண்டாம். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

பைனான்ஸ்காரர்கள் இப்போது பேசி முடிக்கலாம் என்கிறார்கள். பங்காளியும் பாதி தருவதாக வந்திருக்கிறார். "ராஜி ஆகிக்கலாம், லோக் அதாலத்தில் வைக்கலாம்" என்று வக்கீல் சொன்னார். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ராஜின்னா ராஜினாமாவா? நான் எதை விட்டுக் கொடுக்கணும்?" என்று கேட்டார்.

பென்னாகரம் குமாஸ்தா

கேட்டாரா! ரொம்ப சந்தோஷம் தம்பி. ராஜி என்றால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு முடிப்பது. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தால் அது கோர்ட் டிக்ரிக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் எவ்வளவு தொகை, எத்தனை தவணை, ஒரு தவணை தவறினால் என்ன, பங்காளியின் பாதி எந்தத் தேதிக்குள், எல்லாம் அந்தக் காகிதத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் பிறகு நிற்காது.

காரிமங்கலத்தான்

வியாழக்கிழமை வாய்தா. புதன் ராத்திரியே ஊருக்கு வந்துவிடுகிறேன். காகிதத்தை முழுதாக வாசித்துக் காட்டினால்தான் கையெழுத்து என்று அப்பா வக்கீலிடம் சொல்லிவிட்டார்.